தோட்டத்து மீன்

மூட்டு வீங்கியவர்களும் கல் அடைத்தவர்களும் இப்போதெல்லாம் போர்ட் பிளேருக்குப் பக்கத்தில், கராச்சர்மாவில் என் வீட்டை விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். "ஓவர்சியர் மீனையே விட்டுட்டாராமே, பால்கூடத் தொடமாட்டாராமே, எப்படி முடிஞ்சது?" என்று கேட்கிறார்கள். ஏதோ மலையில் தவம் முடித்து இறங்கியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறார்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தப் பார்வையை வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. போன மாதம் தீவின் வடகோடியிலுள்ள திக்லிபூரிலிருந்து ஒரு அம்மா வந்துபோன பிறகு, இனியும் அப்படி இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்த இருபத்தாறு நாட்களில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சமையல் விவரம் வேண்டியவர்களுக்கு அதுவும் இதற்குள்ளேயே இருக்கிறது.

எனக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். சர்க்கார் ரோடு போடும் வேலையில் ஓவர்சியராகக் கப்பலேறி இங்கே வந்தவன். என் நாக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். காலையில் பழைய சோற்றுக்கு முந்தின நாள் மீன் குழம்பு, மதியம் குழம்பும் வறுவலும், ராத்திரி மிச்சம் இருந்தால் அது, இல்லாவிட்டால் சுட்ட கருவாடு. பெண் பார்க்கப் போன இடத்தில் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத்தான் சம்மதம் சொன்னேன் என்று இன்றைக்கும் உறவில் கேலி பேசுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. என் மனைவி பேச்சியம்மாளும் மீன் இல்லாத நாளில் பாதி வயிறு சாப்பிடுகிறவள்தான். இங்கே வந்ததும் மீன் இன்னும் சல்லிசாகக் கிடைத்தது. காய்கறிதான் கப்பலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய பொருள்.

ஒருநாள் காலையில் எழுந்தபோது வலது கால் பெருவிரல் பழுத்த தக்காளியாக வீங்கியிருந்தது. போர்வை நுனி பட்டால்கூட உயிர் போனது. இந்தத் தீவில் இப்படி வீங்கினால் எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்று, பூரான் கடித்திருக்கும். சுண்ணாம்பு தடவினோம். நாலு நாளில் வடிந்தது. பூரானைத் திட்டிவிட்டு மறந்துபோனேன். அடுத்த மாதம் அதே விரல், அதே வீக்கம். ஒரே பூரான் ஒரே விரலைத் தேடி வந்து கடிக்குமா என்று கேட்க எனக்குப் புத்தி இல்லை. அதற்கும் பதினைந்து நாள் கழித்து சிப்பிகாட் ரோட்டில் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தபோது வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி கிளம்பி அடிவயிற்றுக்கு இறங்கியது. நின்றாலும் வலி, படுத்தாலும் வலி. சிறுநீர் சிவப்பாகப் போனது, காய்ச்சலும் அடித்தது. கூலியாட்கள் என்னை லாரியில் தூக்கிப் போட்டு போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள்.

வார்டு டாக்டர் வங்காளி, முப்பது வயது இருக்கும். கண்டிப்பான மனிதர், ஆனால் நோயாளிக்குப் புரியும்படி சொல்லவேண்டும் என்று நினைப்பவர். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உடம்பில் யூரிக் ஆசிட் என்றொரு கழிவு தினமும் உண்டாகிறது. மீன், இறைச்சி, ஈரல் எல்லாம் அதைக் கூட்டும். சிறுநீரோடு வெளியே போகவேண்டியது போகாமல் ரத்தத்தில் தேங்கினால், உப்பளத்தில் உப்புப் பூப்பதுபோல மூட்டுக்குள் பூத்துவிடும். அதுதான் என் பூரான். சிறுநீரகத்தில் பூத்தால் அது கல். எக்ஸ்ரேயில் அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அரிசி நொய் அளவுக்கு ஒரு மங்கலான நிழல் இருந்தது. இத்தனூண்டா என்னைப் புரட்டிப் போட்டது என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"மச்லி பந்த்," என்றார் டாக்டர். "கோஷ்த் பந்த். அண்டா பந்த். தூத் பீ பந்த்."

மீன், இறைச்சி, முட்டை எல்லாம் நிறுத்து, பாலையும் நிறுத்து என்று அர்த்தம். கல்லில் சுண்ணாம்பும் கலந்திருக்கிறது, பால் அதை வளர்க்கும் என்பது பாலுக்கு அவர் சொன்ன காரணம். பருப்பும் அளவோடுதான். நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் குடிக்கவேண்டும். சிறுநீரை மெல்லிய துணியில் வடிகட்டி, கல் விழுகிறதா என்று பார்க்கவேண்டும். மூன்று வாரம் பார்ப்போம் என்றார். ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கி, காய்ச்சலும் நின்று, கல் தானாக விழுந்தால் நல்லது. இறங்காவிட்டால் மெட்ராசுக்குக் கப்பலில் அனுப்பி ஆபரேஷன். நடுக்கடலில் கல் முழுக்க அடைத்துக்கொண்டால் அந்தச் சிறுநீரகம் போய்விடலாம், உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. இதை அவர் பேச்சியம்மாளை நிற்கவைத்துத்தான் சொன்னார். "இவர் வாய்க்குள் என்ன போகிறது என்பது உங்கள் பொறுப்பு" என்று அவளுக்குத் தனியாகவும் சொன்னார். அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் தந்தது சோறும் மஞ்சள் தண்ணீரும். அதற்குப் பருப்பு என்று பெயர். அதனால் வீட்டிலிருந்து கொண்டுவர அனுமதி கொடுத்திருந்தார்கள். முதல் மூன்று நாள் அவள் பப்பாளிக்காய் கூட்டு, கீரைத்தண்டு என்று கொண்டுவந்தாள். "இதென்ன, மாட்டுக்கு வைக்கிற தீனியா?" என்று தட்டைத் தள்ளினேன். பன்னிரண்டு கட்டில் உள்ள வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். அவள் கீழே சிந்தியதைத் துடைத்துவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் தூக்குச்சட்டியின் மேலடுக்கைத் திறந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழை இலையில் நாலு துண்டு வஞ்சிர வறுவல். மசாலா மொறுமொறுவென்று பிடித்து, ஓரத்தில் கறுப்பாகத் தோல்கூட இருந்தது.

"ஏய், டாக்டர் பாத்தா கொன்னுருவாரு," என்றேன்.

"சாப்பிட்டுப் பாருங்க," என்றாள். "கடல்ல பிடிச்சதில்ல. தோட்டத்து மீனு."

வாழைக்காய். தோலைச் சீவும்போது ஓரத்தில் மட்டும் ஒரு கோடு விட்டுவிட வேண்டும், அதுதான் மீன் தோல். சாய்வாக, விரல் கனத்துக்கு வெட்டி, வெட்டியதும் மஞ்சள் தண்ணீரில் போட்டு அரைவேக்காடு வேகவைக்க வேண்டும். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மிளகு, பூண்டு, புளிக்கரைசல், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துக் குழைத்துப் பூசி ஒரு மணி நேரம் ஊறவேண்டும். பிறகு தோசைக்கல்லில் தேங்காய் எண்ணெய் விட்டு, கறிவேப்பிலை போட்டு, மெல்லிய தீயில் முறுக வேண்டும். அவள் மீனுக்கு என்னவெல்லாம் செய்வாளோ அதில் ஒன்றையும் குறைக்கவில்லை. மீன் நாற்றத்துக்காக அல்ல, இந்த மசாலாவுக்காகத்தான் நாக்கு பாதி அலைகிறது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

அதன்பிறகு நாளொரு வித்தை. முருங்கைக்காயும் மாங்காயும் போட்டு, வெந்தயம் தாளித்து, தேங்காய் அரைத்து விட்ட மீன் இல்லாத மீன் குழம்பு. அதை முதல் நாளே மண்சட்டியில் வைத்து, மறுநாள்தான் கொண்டுவருவாள். பலாப்பிஞ்சைக் கொத்தி மிளகு போட்ட சுக்கா. பால் இல்லாத காப்பி என்னால் முடியாது என்றதற்கு, சுக்கும் கருப்பட்டியும் போட்ட காப்பியில் கெட்டித் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றிக் கொண்டுவந்தாள். கொதித்தால் திரிந்துவிடும், இறக்கிவைத்துத்தான் ஊற்றவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சொதி. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற சமையல் அது. தேங்காயின் மூன்று பாலையும் தனித்தனியே எடுத்து, மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, முதல் பாலை ஊற்றி இறக்கி, இஞ்சிச்சாறும் எலுமிச்சையும் விடவேண்டும். உருளைக்கிழங்கு கப்பல் வராததால், சிப்பிகாட்டுக்கு பஸ் ஏறிப் போய், விவசாயிகளிடம் சேப்பங்கிழங்கும் பீன்சும் கேட்டு வாங்கி வந்து வைத்தாள். தேங்காயைத் துருவித் துருவி அவள் வலது கட்டைவிரலில் தோல் கிழிந்திருந்தது. நான் பார்த்தேன். என்ன என்று கேட்கவில்லை.

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

வார்டின் கடைசி மூலையில் என் கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஹல்தார் என்ற வங்காளி. திக்லிபூரில் சர்க்கார் கொடுத்த நிலத்தில் நெல் போடுகிறவர். பாக்கு மரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு கிடந்தார். டவுனில் இருந்த அவர் தங்கை தினமும் காலையில் மீன் குழம்பும் சோறும் வைத்துவிட்டுப் போவாள். கடுகு எண்ணெயில் வதக்கிய மீன். அந்த வாசனை எங்கள் ஊர் வாசனை இல்லை. ஆனால் மீன் மீன்தான்.

பேச்சியம்மாள் பதினொன்றரைக்கு வருவாள். சாப்பாட்டை வைத்துவிட்டு, மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்குள் வீட்டில் இருக்கவேண்டும் என்று பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு ஓடுவாள். ஆறாம் நாள் அவள் போன பிறகு தட்டை வைத்துக்கொண்டு ஹல்தாரின் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் என்ன என்று கேட்டார். மாற்றிக்கொள்ளலாமா என்றேன்.

"டாக்டர் மனா கியா நா, தாதா?" என்றார். டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறாரே அண்ணா என்று அர்த்தம்.

"சோட்டா மச்லிக்கு சுட்டி தியா ஹை," என்றேன். சின்ன மீனுக்கு அனுமதி கொடுத்துவிட்டார் என்று கூசாமல் சொன்னேன். நம்பினார். நல்ல மனிதர்கள் எளிதில் நம்பிவிடுகிறார்கள்.

அன்று முதல் தினமும் நடந்தது. சிஸ்டர் சாப்பிடப் போகிற நேரம், இரண்டு கட்டிலுக்கும் இடையில் தட்டுகள் கைமாறும். ஹல்தார் சொதியை வழித்து வழித்துச் சாப்பிட்டார். பேச்சியம்மாள் மறுநாள் வந்து காலி அடுக்குகளைப் பார்ப்பாள். அவள் முகம் மலர்ந்துவிடும். "பாருங்க, பழகிட்டுல்லா? நான் சொன்னேம்லா?" என்பாள். காலியாகத் திரும்புகிறது என்ற சந்தோஷத்தில் அடுத்த நாள் ஒரு கரண்டி கூட வைத்துக் கொண்டுவருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிவந்திருந்தாள். மகள் என் காதோரம் வந்து ரகசியம்போல, "அம்மா வீட்டுல மீனே வாங்குறதில்லப்பா. நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்த நாள்லருந்து அம்மாவும் திங்கல. அப்பா திங்காம நமக்கு எதுக்குன்னு சொல்லிட்டா," என்றாள். அன்று பேச்சியம்மாள் சீக்கிரம் வந்திருந்தாள். அதற்கும் முன்பே ஹல்தாரிடம் ஒரு துண்டு வாங்கி நான் விழுங்கியிருந்தேன். மகள் பேசியபோது என் பல்லிடுக்கில் ஒரு முள் இருந்தது. வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

பதினைந்தாம் நாள் இரண்டாவது முறையாக ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மதியம் பேச்சியம்மாள் இலையை விரித்துத் துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் கையில் காகிதத்தோடு வந்தார். ஹல்தாரை அந்த நேரம் மாவுக்கட்டு மாற்ற வண்டியில் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

"இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியிருக்கிறது," என்றார் டாக்டர். பிறகு இலையைப் பார்த்தார். வங்காளிக்கு மீன் தெரியாதா? குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"நீ இவரைக் கொல்லப் பார்க்கிறாயா?" என்று ஹிந்தியில் அவளைப் பார்த்துக் கத்தினார். "கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய் மீன் வறுத்துக் கொண்டுவருகிறாய்."

"நஹீன் சாப். கேலா ஹை. கச்சா கேலா," என்றாள் பேச்சியம்மாள். வாழைக்காய், வாழைக்காய் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு துண்டைப் பிட்டுக் காட்டினாள். மலையாளத்து சிஸ்டர் அதை வாங்கி வாயில் போட்டு மென்றுவிட்டு, "ஆமா டாக்டர், இது காயாக்கும்," என்றாள்.

டாக்டர் காகிதத்தைத் தட்டினார். "இன்றைக்குக் காய். மற்ற நாள்? ரத்தம் பொய் சொல்லாது. மீன் தின்னாமல் இது ஏறாது." வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நாளையிலிருந்து இவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடவேண்டும்," என்று சிஸ்டரிடம் சொன்னார்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். தினமும் அவள் கொண்டுவந்ததைத் தின்றவன் என்று அவள் நம்புகிறவன், அவளுக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள், நான். "இவ ஒரு நாளும் கொண்டு வரல" என்று நான் சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி, பின்னே யார் கொடுத்தது என்று வரும். நான் போர்வையை இழுத்து விலாவைப் பிடித்துக்கொண்டு, வலி வந்தவன்போல முனகினேன். வலி வரவில்லை. டாக்டர் போய்விட்டார். அவள் குனிந்து, "ரொம்ப வலிக்கா?" என்று கேட்டாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டுக்கும் இடையே ஒரு முழத் தூரம்தான் இருந்தது.

அத்தோடு நிறுத்தினேனா? இல்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் ஹல்தாரின் மீனைத் தின்றேன். சிஸ்டர் எதற்கு டப்பாவைத் திறந்து பார்க்கிறாள் என்று அவர் கேட்டதற்கு, உப்பு எவ்வளவு என்று பார்க்கிறார்கள் என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். மூன்றாம் நாள் என் கட்டிலிலிருந்து வார்டு வாசலைப் பார்த்தேன். பேச்சியம்மாள் வந்தாள். சிஸ்டர் வேறு வேலையில் இருந்தாள், அவளைக் கவனிக்கவில்லை. இவள் பேசாமல் உள்ளே வந்திருக்கலாம். வரவில்லை. தானே தரையில் உட்கார்ந்து, அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்து, மூடிகளைத் திறந்து, சிஸ்டர் வரும்வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அன்றைக்குத்தான் அவள் சாப்பாட்டை நான் சாப்பிட்டேன். ஹல்தாரிடம் வயிறு சரியில்லை என்று சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது.

இருபத்திரண்டாம் நாள் ஹல்தாரை வீட்டுக்கு அனுப்பினார்கள். திக்லிபூர் போகும் கப்பலுக்கு அன்று மத்தியானமே போகவேண்டும். கிளம்பாமல் கட்டிலில் உட்கார்ந்து பேச்சியம்மாளுக்காகக் காத்திருந்தார். அவள் வந்ததும் கைகூப்பி, "பௌதி," என்று கூப்பிட்டார். வங்காளத்தில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஜானே ஸே பெஹ்லே ஏக் பார் கிலாவோ. வோ கேலே கா மச்லி, வோ நாரியல் கா சஃபேத் ஜோல். தாதா ரோஸ் முஜே தேதா தா. அப் பந்த் கர் தியா."

போவதற்கு முன் ஒரு தடவை கொடுங்கள், அந்த வாழைக்காய் மீனும் வெள்ளைத் தேங்காய்க் குழம்பும். அண்ணன் தினமும் எனக்குக் கொடுத்துவந்தார், இப்போது நிறுத்திவிட்டார். இந்தத் தீவின் ஹிந்தி அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவள் அவரையே பார்த்தாள். பதிலுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று ஹிந்தியில் கேட்டாள்.

"மச்லி," என்றார் அவர் சிரித்துக்கொண்டே. "சோட்டா மச்லி. டாக்டர் சாப் சுட்டி தியா தா நா?"

"ஹாங்," என்றாள் பேச்சியம்மாள். "தியா தா."

ஆமாம், அனுமதி கொடுத்திருந்தார் என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியை முழுதாக அவர் முன் வைத்துப் பரிமாறினாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டுப் போட்டாள். தங்கை வீட்டார் அவரைத் தாங்கி நடத்திக்கொண்டு போனார்கள். வாசல்வரை அவளும் போய் வந்தாள். வந்து அடுக்குகளைக் கூட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சொதியையுமா குடுத்தீங்க?"

தலையாட்டினேன். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். மறுநாள் வந்தாள். வாசலில் உட்கார்ந்தாள். மூடிகளைத் திறந்து வைத்தாள். சிஸ்டரிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இருபத்துநாலாம் நாள் காலை துணியில் கல் விழுந்தது. மிளகின் பாதிகூட இல்லை. அன்று எடுத்த ரத்தத்தில் யூரிக் ஆசிட் நன்றாக இறங்கியிருந்தது. இருபத்தாறாம் நாள் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்கும்போது சந்தோஷமாக இருந்தார். பேச்சியம்மாளைப் பார்த்து, "பார்த்தாயா? உன் டப்பாவைச் சோதிக்க ஆரம்பித்ததும் இறங்கிவிட்டது. முன்பே சொன்னதைக் கேட்டிருந்தால் இவர் பத்து நாள் முன்னால் வீட்டுக்குப் போயிருப்பார்," என்றார். என் ஒழுக்கமே அவளுக்கு எதிரான சாட்சியாகப் போய்விட்டது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். என் கண் முன்னால் அவள் கைகூப்பி, "ஜீ சாப்," என்றாள். அவளுடைய கும்பிடுக்குப் பின்னால் நின்றுகொண்டு நானும் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் சாப்பாடு. தரையில் உட்கார்ந்தேன். குழம்புச் சட்டியைக் கொண்டுவந்தாள். இலையில் ஊற்றுவதற்கு முன், மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டி, ஒரு கணம் பொறுத்து, பிறகு ஊற்றினாள். பொரியலுக்கும் அப்படியே. வேண்டுமென்று செய்யவில்லை. பத்து நாள் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"இங்க எதுக்கு?" என்றேன்.

"பழகிப்போச்சு," என்றாள்.

இரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனேன். எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன். அவர் மெயின்லாந்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். சிஸ்டர் இருந்தாள். அவளிடம் சொன்னேன். அவள் ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டே கேட்டாள். "அந்த அம்மா தினமும் வாசல்ல உக்காந்திருந்ததை வார்டே பாத்துச்சு. பன்னண்டு பெட்டு. எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. இனி என்கிட்ட சொல்லிட்டு எந்தா காரியம்?" என்றாள். எந்தா காரியம் என்றால் என்ன பிரயோஜனம் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து பேச்சியம்மாளிடம் இதைச் சொன்னேன். "சரி, தண்ணி குடிச்சீங்களா?" என்றாள்.

இப்படியே இரண்டு வருஷம். மீனை நான் விட்டது விட்டதுதான். நாக்கு ஒரேயடியாக அடங்கவில்லை. மீன் மார்க்கெட் பக்கம் போவதை முதலில் விட்டேன், பிறகு நினைப்பதை விட்டேன். வாரத்தில் இரண்டு நாள் சொதி இருந்தால் மற்ற நாள் எதையும் சமாளித்துவிடலாம். பேச்சியம்மாளும் மீன் பக்கம் திரும்பவில்லை. விரல் வீங்கவில்லை. கல் வரவில்லை. ஊரில் எனக்குப் பெயர் வந்தது. மதியச் சாப்பாட்டில் மூடி திறப்பதும் நிற்கவில்லை.

போன மாதம் திக்லிபூரிலிருந்து ஒரு தமிழ் அம்மா வந்தார். புருஷனுக்குப் பெருவிரல் வீக்கம், அதே கதை. பேச்சியம்மாளிடம் தோட்டத்து மீன் கற்றுக்கொள்ள, கப்பலில் வந்திருந்தார். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்கள். நான் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"எங்க ஊருல ஒரு கத சொல்லுவாங்கக்கா," என்றார் அந்த அம்மா. "போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில முந்தி ஒருத்தி இருந்தாளாம். புருஷன் கல்லோட கெடக்கான், இவ வாழைக்காய்னு சொல்லி மீனைக் கொண்டாந்து குடுத்தாளாம். டாக்டரு கையும் களவுமா புடிச்சிட்டாராம். தெனம் டப்பாவைத் தொறந்து காட்டிட்டுத்தான் உள்ள போவணுமாம். அவளும் ஒரு பொம்பளையா?"

பேச்சியம்மாள் கத்தியை நிறுத்தவில்லை. "அப்படியா," என்றாள். ஹல்தாரின் ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது கதை. ஹல்தார் சொல்லியிருக்க மாட்டார். பன்னிரண்டு கட்டிலில் யாரோ.

எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றேன். "அந்தப் பொம்பள இவதாம்மா," என்றேன். "இவ கொண்டாந்தது வாழைக்காய்தான். மீனைத் திருடித் தின்னது நான். பக்கத்துக் கட்டில்காரர்கிட்டப் பொய் சொல்லி வாங்கித் தின்னேன். டாக்டர் இவளைத் திட்டும்போது வாயை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன். உங்க ஊர்ல இதையும் சேத்துச் சொல்லுங்க."

அந்த அம்மா கையிலிருந்த காயைக் கீழே வைத்துவிட்டார். யாரைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பேச்சியம்மாள் அந்தக் காயை எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"வெட்டினதும் மஞ்சத் தண்ணியில போட்டுரணும்," என்றாள். "கீழ வச்சா கறுத்துரும்."

அவர் கற்றுக்கொண்டு, மசாலாப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு போனார். நான் சாப்பிட உட்கார்ந்தேன். பேச்சியம்மாள் சொதிச் சட்டியைக் கொண்டுவந்தாள். வழக்கம்போல மூடியைத் திறந்து காட்டுவாள் என்று நிமிர்ந்தேன். அவள் சட்டியை மூடியபடியே என் முன்னால் வைத்துவிட்டு, தனக்குத் தட்டு எடுத்துவரப் போனாள்.